வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க எந்த நாடு? ‘ஏழு நாட்டு’ப் பாஸ்போர்ட் இல்லாதவர்களும் சொல்லுங்கள்

#1 வெண்கட்டி

வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனவன், இன்று கேள்வியோடு வந்திருக்கிறேன்.

ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை. மூன்று வருடமாக ஒரு பயிற்சி மையத்தில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் எடுக்கிறேன். 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும்) சான்றிதழ் இணையத்தில் முடித்தது. வயது 29. ஆங்கிலம் தாய்மொழி என்று விளம்பரங்களில் எல்லாம் வருமே ‘ஏழு நாடுகள்’, என் பாஸ்போர்ட் அதில் சேராது. கையிருப்பு மூன்று மாதத்துக்குத் தாங்கும். படிப்புக் கடன் பாதி பாக்கி.

தென்கொரியா, ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து, அமீரகம், ஸ்பெயின் என்று பட்டியல் போட்டு, சம்பளம், செலவு, வானிலை வரைக்கும் அட்டவணை தயாரித்தேன். தயாரித்த பிறகு குழப்பம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். இதற்கிடையே வியட்நாமிலிருந்து ஒரு மையம், “சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறது. போகலாமா?

#2 நாடோடி77

வியட்நாம்தான். யோசிக்காதீர்கள். நான் போனபோது அட்டவணையெல்லாம் போடவில்லை, டிக்கெட் போட்டேன். ஹோ சி மின் நகரில் இறங்கிப் பத்தாவது நாள் வகுப்பில் நின்றேன்.

#3 பழைய_வாத்தியார்

வெண்கட்டி, அட்டவணையில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. சம்பளத்துக்கும் முன்னால் வர வேண்டிய பத்தி: அந்த நாட்டுச் சட்டம் உங்களை உள்ளே விடுமா?

தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா குடிமக்களுக்கானது. நீங்கள் சொல்லும் ‘ஏழு’ இதுதான். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு உண்டு. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலப் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் அரசுப் பள்ளியில் துணை ஆசிரியர் ஆகலாம். ஹாக்வான் என்கிற தனியார் மாலை வகுப்புகளுக்கு அந்தக் கதவு திறக்காது.

ஜப்பானில் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கதவடைப்பதில்லை. ஆனால் பள்ளிகளுக்கான ‘இன்ஸ்ட்ரக்டர்’ விசாவுக்கு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் 12 வருடம் ஆங்கிலவழியில் படித்ததை நிரூபிக்க வேண்டும். பள்ளி, கல்லூரிக் கடிதங்களைத் தோண்டி எடுத்து வையுங்கள். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்குத் துணை ஆசிரியராக எடுக்கும் ஜெட் என்ற அரசுத் திட்டம் 1987 முதல் இருக்கிறது. அதற்கு உங்கள் நாட்டு ஜப்பானியத் தூதரகம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்க முடியும், இந்த ஆண்டு உங்கள் நாட்டுக்கு என்ன இடம் வைத்திருக்கிறார்கள் என்றும் அவர்களையே கேட்க வேண்டும். முதலாண்டுச் சம்பளத்தை 33.6 லட்சம் யென்னிலிருந்து 40.2 லட்சமாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்.

தைவானும் அந்த ஏழு நாட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடம்தான். சீனாவும் பெரும்பாலும் அப்படியே. தாய்லாந்தில் தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர் தேர்வெழுதிக் காட்ட வேண்டும், டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் 600 கேட்பார்கள். எட்டக்கூடிய மதிப்பெண்தான்.

இந்த ஒரு பத்தியை முதலில் நிரப்புங்கள். பாதி அட்டவணை தானாக அழிந்துவிடும், குழப்பமும் அதோடு போகும்.

#4 அந்திமல்லி

தாய்லாந்தில் நான்காவது வருடம். என்னுடையதும் ‘ஏழில்’ சேராத பாஸ்போர்ட்தான். சகஆசிரியர்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய. அவர்கள் இல்லாவிட்டால் இங்கே பல பள்ளிகளில் ஆங்கில வகுப்பே நடக்காது.

அழகான பக்கம் யூடியூபில் நிறைய இருக்கிறது, நான் மற்றதைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், நாட்டுப்பண். ஏழரைக்கே வாசலில் நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லும் பணி வாரத்தில் ஒரு நாள் என் தலையில். வகுப்புக்கு நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். மைக் இல்லாமல் பேசி முதல் மாதமே தொண்டை போய்விட்டது. வகுப்பு இல்லாத நேரத்திலும் நாலரை வரை மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விசா வேலை ஓயவே ஓயாது. முதலில் வேலைக்கு வருபவர்களுக்கான நான்-பி விசா, அப்புறம் ஒர்க் பெர்மிட், ஆசிரியர் கவுன்சிலிடமிருந்து தற்காலிக அனுமதி. தவிர 90 நாளுக்கு ஒருமுறை ‘இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். என் பள்ளி அலுவலகத்தில் ஒரு அக்கா இதற்கென்றே தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார், நாள் நெருங்கும்போது என் மேசையில் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். அந்த அக்கா இல்லாத பள்ளியில் வேலை பார்த்த வருடம் அபராதம் கட்டினேன். நேர்முகத்தில் சம்பளம் கேட்பது போலவே இதையும் கேளுங்கள்: “விசா வேலையை யார் பார்க்கிறார்கள்?”

இன்னொன்று, கான்ட்ராக்ட் எத்தனை மாதம் என்று பாருங்கள். இங்கே கல்வியாண்டு மே மாதம் தொடங்கி மார்ச்சில் முடியும். பத்து மாதக் கான்ட்ராக்டில் விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. பத்து மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும்.

#5 நாடோடி77

எல்லோரும் சேர்ந்து தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொண்டவர்கள் ஆயிரம் பேர். எல்லை தாண்டிப் போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தால் முடிந்தது. நான் பதினான்கு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

#6 பழைய_வாத்தியார்

நாடோடி, அந்தப் பதினான்கு மாதத்தில் எந்த மாதமாவது சம்பளம் தராமல் விட்டிருந்தால் யாரிடம் போயிருப்பீர்கள்?

அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பதில் நாடுகடத்துவது ஒரு ஆபத்து. அது எப்போதாவது நடப்பது. அன்றாட ஆபத்து வேறு: சம்பளத்தைப் பிடித்தால் புகார் கொடுக்க முடியாது, புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான். அது முதலாளிக்கும் தெரியும்.

முறையான விசாவோடு போனாலும் ‘விசா யார் கையில்’ என்ற கேள்வி விடாது. என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் கனடா பாஸ்போர்ட், அதனால் கொரியா சுலபமாகக் கிடைத்தது. ஒரு சிறு ஹாக்வானில் சேர்ந்தேன். எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம் போனால் கதவில் பூட்டு. கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தை, கூட வந்த மாணவனின் அம்மா படித்துச் சொன்னார். முதலாளி கடனாளியாகி மூடிவிட்டார். உள்ளே என் மேசை இழுப்பறையில் நாற்பது திருத்திய கட்டுரைகள், ஒரு குடை. இரண்டும் இன்று வரை வரவில்லை.

விசா அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் வேறு இடம் போக வேண்டுமென்றால் அவர் கொடுக்கும் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஆளையே காணோம், கடிதத்துக்கு எங்கே போவது? குடியிருந்த வீடும் அவர் பிடித்துக் கொடுத்ததுதான். ஒரே நாளில் வேலை, விசா, வீடு மூன்றும் ஆட்டம் கண்டன. தொழிலாளர் அலுவலகத்துக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் மாறி மாறி ஐந்து வாரம் அலைந்தேன். ஒரு மாதச் சம்பளம் போயே போய்விட்டது.

பிறகு ஜப்பான். அங்கே விசா ஆளின் பெயரில் இருக்கும், முதலாளியோடு சேர்ந்து போகாது. அதே வகை வேறு வேலைக்கு மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும். 2007 அக்டோபரில் நாட்டின் மிகப் பெரிய உரையாடல் பள்ளிச் சங்கிலி திவாலாகி, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பட்ட துன்பம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் விசா கையில் இருந்ததால், நாட்டை விட்டுக் கிளம்பாமலே வேறு வேலை தேட முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், நாட்டைத் தேர்வு செய்யும்போது நல்ல நாளை மனதில் வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். பூட்டு தொங்கும் திங்கட்கிழமையன்று எந்த நாட்டில் இருந்தால் சமாளிக்கலாம் என்று பாருங்கள்.

#7 நாடோடி77

சரி ஐயா. மூன்று வார பாக்கி எனக்கும் ஒரு மையத்தில் வரவில்லைதான். அதை நான் செலவுக் கணக்கில் எழுதிவிட்டேன்.

#8 கணக்குப்பிள்ளை

பணப் பக்கம் நான் பார்க்கிறேன், கடன் இருக்கிறதென்று சொன்னதால்.

மாதச் சம்பளத்தை ஒப்பிடுவது வீண் வேலை. நான் மூன்று எண்கள்தான் கேட்பேன்: போய் இறங்கியதும் கையிலிருந்து எவ்வளவு போகும், மாதம் எவ்வளவு மிஞ்சும், கிளம்பும்போது எவ்வளவு வரும்.

கொரியாவில் வீடு பெரும்பாலும் வேலை கொடுப்பவர் பொறுப்பு, அதனால் தொடக்கச் செலவு குறைவு. ஒரு வருடம் நிறைந்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி வரும். பதினோராவது மாதம் ஏதோ காரணம் சொல்லி அனுப்பிவிடும் இடங்கள் உண்டு என்பதால், சேரும் முன் பழைய ஆசிரியர் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது. ஜப்பானில் தலைகீழ். வீட்டுக்கு முன்பணம், திரும்ப வராத ‘சாவிப் பணம்’, ஜாமீன் நிறுவனக் கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் ஒரே நாளில். முதல் சம்பளமோ அடுத்த மாதக் கடைசியில்கூட வரலாம். மூன்று மாதக் கையிருப்பு அங்கே ஒன்றரை மாதத்தில் கரையும்.

அமீரகத்தில் வருமான வரி இல்லை. பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மொத்தம் 10,000 திர்ஹம் என்று இரண்டு இடங்கள் கூப்பிடுகின்றன என்று வையுங்கள். ஒன்றில் அடிப்படை 7,000, மற்றதில் 4,000, மீதி படிகள். இரண்டு வருடம் கழித்துக் கிளம்பும்போது முதல் இடத்தில் 9,800 வரும், மற்றதில் 5,600. கடிதத்தில் ‘அடிப்படை’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆனால் வளைகுடாவின் நல்ல இடங்கள் இணையச் சான்றிதழைப் பார்த்து மயங்க மாட்டார்கள். செல்டா என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோ முதுகலையோ கேட்பார்கள்.

#9 குறில்_நெடில்

ஸ்பெயினை யாரும் தொடவில்லையே என்று வந்தேன். சுருக்கமாக: அங்கே பெரும்பாலோர் போவது அரசின் ‘மொழித் துணையாளர்’ திட்டத்தில். அக்டோபர் முதல் மே வரை, வாரம் 12 முதல் 16 மணி நேரம், உதவித்தொகை மாதம் 800 முதல் 1,000 யூரோ. சில மாநிலங்களில் அது தாமதமாக வரும், கிறிஸ்துமஸ் வரை கைக்காசில் ஓட்டியவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவருக்கு வேலை விசா எடுத்துத் தரப் பெரும்பாலான மொழிப் பள்ளிகள் மெனக்கெடுவதில்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு அவர்களே வரிசையில் நிற்கிறார்கள்.

கடன் அடைக்க ஸ்பெயின் வேண்டாம். கடனை அடைத்துவிட்டு வாருங்கள், ரசிக்கலாம்.

#10 வெண்கட்டி

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையில் மூன்று நாடு மிச்சம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு வேலைக்கு எழுதினேன். பதில் ஒரே வரி: “தாய்மொழியாளர் மட்டும். புகைப்படம் அனுப்பவும்.” சிறுவயதிலிருந்து ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, ஆங்கிலம் கற்பித்துச் சாப்பிடுகிறவன் நான். இப்போது முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களா? இதற்கு மேல் முயல்வதில் பொருள் உண்டா?

#11 அந்திமல்லி

உண்டு. என் முதல் பதினேழு விண்ணப்பங்களுக்கும் அதே பதில்தான்.

என் வகுப்பில் ஒரு காட்சி. தாய் மொழியில் சொல் கடைசியில் ‘ல்’ வராது, ‘ன்’ ஆகிவிடும். பிள்ளைகள் ‘ஃபுட்பால்’ என்பதை ‘ஃபுட்போன்’ என்பார்கள். எனக்கு முன் இருந்தவர் ஆங்கிலேயர், அன்பானவர். “இல்லை, ஃபுட்பால்” என்று ஐம்பது முறை சொல்லுவார், பிள்ளைகள் ஐம்பது முறை ‘ஃபுட்போன்’ சொல்லுவார்கள். நான் ‘இஸ்கூல்’ என்று சொல்லி வளர்ந்தவள். தாய்மொழியில் இல்லாத சேர்க்கை வரும்போது நாக்கு பழைய வீட்டுக்கு ஓடும் என்பது எனக்கே நடந்தது. அதனால் கண்ணாடியைக் கொடுத்து, நாக்கு நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ‘ல்’ சொல்லும்போது நாக்கின் பக்கவாட்டில் காற்று போகும், ‘ன்’ சொல்லும்போது மூக்கு வழியாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘பால்’ சொல்லுங்கள் என்றேன். ‘பான்’ என்று சொன்னவன் மூக்கடைத்து விழித்தான், வகுப்பே சிரித்தது. அன்று மதியத்துக்குள் பாதி வகுப்புக்கு ‘ல்’ வந்துவிட்டது.

மாதிரி வகுப்பு கேட்கும் இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். புகைப்படத்தை மட்டும் கேட்கும் இடத்தில் சேர்ந்தாலும் நிம்மதி இருக்காது.

#12 பழைய_வாத்தியார்

மூக்கைப் பிடிக்கும் வித்தையை நான் திருடிக்கொள்கிறேன்.

#13 தூரிகை

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். வீட்டிலிருந்தே சீனப் பிள்ளைகளுக்கு இணையத்தில் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். 2021 ஜூலையில் சீன அரசு ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கையைக் கொண்டுவந்தது. பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷனுக்குத் தடை, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களைப் பயன்படுத்தவும் தடை. என் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல், சில வாரத்தில் என் வகுப்பு அட்டவணை காலி. நான்கு வருடம் பழகிய பிள்ளைகளிடம் விடைபெறக்கூட முடியவில்லை.

ஒரு அரசாணையில் தொழிலே போகலாம். அதனால் ஒரு நாட்டிலோ ஒரு வயதினரிடமோ மட்டும் செல்லுபடியாகும் தகுதியை நம்பி இருக்காதீர்கள். நான் பிறகு செல்டா முடித்தேன். நான்கு வாரம், தூக்கமே இல்லை. அதுவும் ஏறக்குறைய 120 மணி நேரம்தான், ஆனால் அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று எடுக்க வேண்டும், பின்னால் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். முதல் நாள் என் குறிப்பில் இருந்தது: “நீங்கள் பேசுவது அதிகம். மாணவர் எப்போது பேசுவார்?” பத்து வருட அனுபவத்தை ஒரே வரியில் கவிழ்த்தார்கள்.

இப்போதைக்கு உங்களுடைய இணையச் சான்றிதழே போதும். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இதைச் செய்யுங்கள்.

#14 கணக்குப்பிள்ளை

காகித வேலை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்குத் தேதி தவறுவது இதில்தான். போலீஸ் சான்றைக் கடைசியில் எடுங்கள். பல நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும், முதலிலேயே எடுத்து வைத்தால் டிகிரிச் சான்று தயாராவதற்குள் அது பழசாகிவிடும். டிகிரிக்குப் பல நாடுகளில் அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்றொப்ப முத்திரை போதும். சீனாவும் 2023 நவம்பர் முதல் ஏற்கிறது. அமீரகத்துக்கு அது செல்லாது, தூதரகம் வரை படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். மூலச் சான்றைக் கைப்பையில் கொண்டு போங்கள். முதலாளியிடம் காட்டலாம், கொடுத்து வைக்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் அப்படியே.

#15 வெண்கட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

வியட்நாம் மையத்துக்கு எழுதினேன்: ஒர்க் பெர்மிட்டுக்கு யார், எந்த நாளில் விண்ணப்பிப்பார்கள்? நான் வந்து சேரும் முன்பே தொடங்க முடியுமா? முன்பு வேலை பார்த்த ஒருவரோடு பேச வைப்பீர்களா? பதில் வந்தது: “இங்கே எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். நீங்கள் ரொம்பக் கேள்வி கேட்கிறீர்கள்.” அதோடு விட்டுவிட்டேன்.

ஹனோயில் இன்னொரு மையம் அதே கேள்விகளுக்கு, என்னென்ன சான்றுகள், எந்தெந்த முத்திரை, எத்தனை வாரம் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதியது. ஆனால் வகுப்புகள் மாலையிலும் சனி ஞாயிறிலும், சம்பளம் மணிக்கணக்கு, குறைந்தபட்ச நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. டெட் புத்தாண்டு விடுமுறையில் வருமானம் பூஜ்யம். கடன் தவணைக்கு அது ஒத்துவராது.

தாய்லாந்தில் ஒரு பள்ளி இணையத்தில் மாதிரி வகுப்பு கேட்டது. பன்னிரண்டு மாதக் கான்ட்ராக்ட். விசா வேலைக்கு அலுவலகத்தில் ஆள் உண்டாம், பெயரோடு சொன்னார்கள். பேசி முடித்தபின் பழைய ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சலும் தந்தார்கள். அவர் எழுதியது: “சம்பளம் சுமார்தான், ஆனால் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நூலகத்தில் குளிர்சாதனம் வேலை செய்யாது.”

டோயிக் தேர்வு வரும் சனிக்கிழமை. மே மாதப் பருவத்துக்குச் சேரச் சொல்கிறார்கள்.

#16 நாடோடி77

குளிர்சாதனத்தைக்கூடச் சொன்ன ஆள் பொய் சொல்ல மாட்டார். போங்கள் தம்பி.

#17 பழைய_வாத்தியார்

கையெழுத்துப் போடும் முன் கான்ட்ராக்டில் தாய், ஆங்கிலம் இரண்டு பிரதி இருந்தால் எது செல்லுபடியாகும் என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் தாய்ப் பிரதிதான். தெரிந்த ஒருவரை வைத்து அதைப் படித்துவிடுங்கள்.

#18 அந்திமல்லி

டோயிக் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், அதனால் ஒரிஜினலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலருள்ள சட்டை ஐந்து போதும், துவைத்துத் துவைத்துப் போடலாம். பல வகுப்பறைகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டும். முதல் நாளே என் காலுறைக் கட்டைவிரல் ஓட்டையை நாற்பது பேர் எண்ணிப் பார்த்தார்கள்.